தெருவுக்குக் காட்டாத பலகை

நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிரெஞ்சுச் சட்டம் மாட்டச் சொன்ன ஒரு பலகையை, நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று வேலிக்கு உட்புறமாக, எங்கள் குசினி ஜன்னலைப் பார்க்கும்படி, என் கையாலேயே பூட்டியவன் நான். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. நாவூறு, கண்ணூறு, தும்மினால் சகுனம் என்று நம் ஆட்கள் நம்புகிறவற்றைக் கிண்டலடித்து ஓர் இலவசப் பத்திரிகையில் மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தேன். பலகையைப் பூட்டிய அதே கிழமைதான் அந்த வரிசையில் ஓரளவு நன்றாக வந்த கட்டுரை வெளியானது. அதை அச்சடித்ததும் நான்தான்.

எனக்கு வேலை ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஓர் அச்சகத்தில். கலியாணக் கார்ட், பெண்பிள்ளை பூப்படைந்தால் சாமத்திய வீட்டுக் கார்ட், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகம். வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களுக்கும் எங்களிடம் ஒரு வடிவமைப்பு உண்டு. வீடு நகருக்கு வெளியே பொண்டியில். கார் து நோர் ஸ்டேஷனின் அடியிலிருந்து ரயில், பிறகு பஸ். கீழே ஹோலும் குசினி என்கிற சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறையும் கழிப்பறையும். வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் இதில் குறை கண்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முழங்கால் வேலை செய்தது.

அக்காவுக்கு வேலை செய்யவில்லை. அவர் இருந்தது தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், அச்சகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடியில். இருபது வருடத்துக்கு மேல் அலுவலகங்களைத் துப்புரவு செய்த முழங்கால்கள். வலது காலை மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது. மொத்தம் நூற்றுப் பதினான்கு படி. இது அக்காவின் கணக்கு. எனக்கு மூன்றாம் மாடியோடு எண்ணிக்கையும் மூச்சும் ஒன்றாகத் தவறிவிடும். மத்தியானத்தில் மரக்கறியும் பாலும் கொண்டு ஏறுவேன். கதவைத் திறந்து, "என்னடா தம்பி, பேசாமல் நிக்கிறாய்?" என்பார். பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

2013 செப்டெம்பரில் வைத்தியர், வலது முழங்காலை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி, அடுத்த யூன் மாதத்தில் ஒரு திகதி தந்தார். எழுதிக்கொண்டே, "எத்தனையாம் மாடி?" என்று கேட்டார். அக்கா உண்மையைச் சொன்னார். வைத்தியர் பேனையை மூடி வைத்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில மாதமாவது படி ஏறாத ஓரிடத்தில், படுக்கையும் கழிப்பறையும் ஒரே தரையில் இருக்க வேண்டும். அப்படி ஓரிடம் இல்லையென்றால் இந்தத் திகதியை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டி வரும், அடுத்தது நவம்பருக்குப் பிறகுதான் என்றார்.

"இருக்கு" என்றேன் நான். இருக்கவில்லை. வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் இடையில் கொஞ்சம் புல் மட்டுமே இருந்தது.

அந்தப் புல்லில் பதினெட்டுச் சதுர மீற்றரில் கழிப்பறையோடு ஓர் அறை. வரைபடம் கீறியவர், ஊரில் அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். இங்கே ஒரு தொலைபேசிக் கடையின் மூலையில் மேசை போட்டு, மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்.

"தம்பி, இது பெர்மியே இல்லை," என்றார். "சின்ன அறை. மெரிக்கு ஒரு அறிவித்தல் குடுத்தால் காணும், அது போதும்."

மெரி என்றால் நகரசபை, பெர்மி என்றால் கட்டட அனுமதி. அறிவித்தல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல்தான் ஞாபகம் வரும் என்பதால் வீட்டில் எல்லோரும் அதைப் பெர்மி என்றே சொன்னோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

படங்களோடு வீட்டின் புகைப்படங்களும் வேண்டும்: கிட்ட நின்று ஒன்று, தெருவில் தூர நின்று ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். டோசியே என்கிற விண்ணப்பக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மெரிக்குப் போனேன். கட்டடப் பிரிவில் ஒரு பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வரைபடத்தைப் பார்த்தார், நன்று. அளவைப் பார்த்தார், நன்று. புகைப்படத்துக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது யார்?"

"என் மனைவி."

படத்தில் என் மனைவி மாம்பழ நிறப் பட்டுச் சேலையில், கட்டப்போகும் அறையின் இடத்தை முழுமையாக மறைத்துக்கொண்டு நின்றாள். தூரத்துப் படத்தில் நான் நின்றேன். மூன்றாவதாக, யாரும் கேட்காத ஒரு படத்தில் இருவரும் நின்றோம்.

"அளவு தெரிவதற்காக நிற்கிறாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை மடம். எங்கள் வழக்கத்தில் ஆள் இல்லாமல் படம் எடுப்பதில்லை."

அவர் சிரிக்கவில்லை. 'மடம்', அதாவது என் மனைவி, இல்லாமல் எடுத்து வரும்படி, மிகவும் மரியாதையாக, ஒரு சிறு தாளில் எழுதித் தந்தார். அதை வீட்டில் காட்டினேன்.

"நான் நிண்டால் என்னவாம் அவைக்கு?" என்றாள் மனைவி.

மடம் இல்லாத படங்களோடு டோசியே பூரணமாயிற்று. நவம்பர் கடைசியில் அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும். அனுமதி கிடைத்ததைத் தெருவில் போகிறவர்கள் வாசிக்கக்கூடியதாக ஒரு பெரிய பலகையில் எழுதி, வேலை முடியும் வரை மாட்டி வைக்க வேண்டும். மாட்டிய நாளிலிருந்து இரண்டு மாதம் அயலவர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த இரண்டு மாதம் கழிந்தால் நிம்மதியாகக் கட்டலாம். மேசன் பெப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். யூனில் அக்காவின் கால். எல்லாம் பொருந்தியது.

பலகையைக் கட்டடச் சாமான் கடையில் வாங்கினேன். எழுத்தை அச்சகத்தில் அழகாக அடித்து ஒட்டினேன். என் பெயர், அனுமதி இலக்கம், திகதி, எத்தனை சதுர மீற்றர், எத்தனை மீற்றர் உயரம், மேலதிக விபரம் எங்கே பார்க்கலாம். கலியாணக் கார்டில்கூட நாங்கள் இவ்வளவு சொல்வதில்லை.

மனைவி அதை ஹோலில் சாத்தி வைத்து இரண்டு முறை வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, இதை ரோட்டிலையோ மாட்டப் போறியள்?"

"சட்டம் அப்பிடி."

"போறவாற சனமெல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு போகட்டும் எண்டோ? உங்கடை சிநேகிதர் மேல்மாடி எழுப்பினவர். கூரை போட்ட கிழமை விழுந்து கை முறிஞ்சதே."

"அவர் ஐசிலை வழுக்கி விழுந்தவர்."

"ஐஸ் எல்லாருக்கும்தானே கிடந்தது? அவர் மட்டும் ஏன் விழுந்தவர்?"

அவள் குரலைத் தாழ்த்தி, "என்ரை விசயம் எண்டால் பரவாயில்லை. மச்சாளின்ரை கால் விசயம். விளையாடக் கூடாது," என்றாள்.

அங்கேதான் விழுந்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உண்மை. கத்தி வைக்கப்போவது அக்காவின் காலில் என்பதும் உண்மை. நம்பிக்கை இல்லாத மனிதன் பலகையைத் திருப்பி மாட்டுவதால் அவனுக்கு என்ன நட்டம் என்று யோசித்தேன். படித்தவன் முட்டாளாகும்போது காரணங்களோடு ஆவான்.

பலகை வேலியில்தான் இருந்தது. சட்டம் வேலி என்றது, வேலி. இரண்டு மாதம் என்றது, இரண்டு மாதம். எழுத்து மட்டும் எங்களைப் பார்த்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் எனக்குக் கட்டட அனுமதி கிடைத்திருப்பதை நான் வாசித்து அறிந்துகொண்டேன்.

தெருப் பக்கத்துக்கு ஒரு நீற்றுப்பூசணிக்காய் வேண்டும் என்றாள் மனைவி. மீசை வைத்து, கண் கீறித் தொங்கவிட வேண்டும். லா சப்பலில் மரக்கறிக் கடைக்காரரிடம் போய், காம்பு முறியாத நீற்றுப்பூசணி ஒன்று கேட்டேன்.

"கறிக்கோ அண்ணை, கட்டடத்துக்கோ?"

யோசிக்க நேரமில்லை. "கட்டடத்துக்கு."

"எத்தனை மீற்றர்?"

"பதினெட்டு."

"நல்லது. அக்காவுக்குத்தானே?" என்றார். படவரைஞர் காலையில்தான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனாராம். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் உயரம் எவ்வளவு என்று கேட்டார்கள். இப்படியாக, பொண்டியில் ஒருவருக்கும் தெரியாமல் நான் மறைத்த விசயம் லா சப்பல் முழுக்கத் தெரிந்தது. அதற்குப் பிறகாவது பலகையைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. பூசணிக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டேனே.

அதற்கு மீசை வரைந்தது நான். கொஞ்சம் என்னைப் போல வந்துவிட்டது.

படவரைஞர் முன்பே சொல்லியிருந்தார்: "தம்பி, பனோப் பலகையை மாட்டின நாள் ஒரு படம், நடுவிலை ஒரு படம், முடிவிலை ஒரு படம். நாளைக்கு ஆரும் கேட்டால் சாட்சி." சொன்னபடியே எடுத்தேன்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை மேசன் கயிறும் முளைகளும் கொண்டு வந்தார். நான்கு முளை அடித்து முடிக்குமுன் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். ஓய்வுபெற்ற ரயில் சாரதி. தனிமனிதர். அதுவரை எங்களுக்குள் பொன்ஜூர் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

"ஏதாவது கட்டுகிறீர்களா?"

"ஒரு சின்ன அறை."

"பலகை எதையும் நான் பார்க்கவில்லையே. பூசணிக்காயைத்தான் பார்த்தேன். ஹாலோவீனுக்கு மாட்டியது, உங்கள் ஊரில் அது நீண்ட காலம் நடக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்." பிறகு முளைகளுக்கும் தன் குசினி ஜன்னலுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். "என் வெளிச்சம் போய்விடுமே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் மெரிக்குப் போய் விசாரித்தார். செவ்வாய்க்கிழமை கட்டடப் பிரிவுப் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். நான் சாட்சிப் படங்களோடு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார்.

"மறுபடியும் மடம்."

மனைவி பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். பலகையில் பாதி தெரிந்தது.

"இதை எங்கே நின்று எடுத்தீர்கள்?"

"குசினி ஜன்னலிலிருந்து."

"அப்படியென்றால் தெரு?"

"பலகைக்குப் பின்னால்."

அவர் படத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் விளக்கம் ஏதும் இருக்கிறதா என்பதுபோல.

"பலகையை யார் வாசிக்கலாம்?"

"நாங்கள் வாசிக்கலாம்."

"உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே," என்றார்.

காரணத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாவூறு என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இன்னும் மோசம். அவர் சொன்னது சுருக்கமானது: பலகையைத் தெருவுக்குத் திருப்புகிற நாளிலிருந்துதான் இரண்டு மாதம். இதுவரை போனது போனதுதான்.

அன்று பின்னேரமே திருப்பினேன். ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். மேசனிடம் சொன்னேன், அபாயம் என்னுடையது, நீங்கள் தொடங்குங்கள் என்று. அவர் முளைகளைப் பிடுங்கிப் பையில் போட்டார்.

"இல்லை அண்ணை. நான் முந்தி ஒரு இடத்திலை கட்டின சுவரை நானே இடிச்சனான். கட்டேக்கை பாட்டுப் பாடிக் கட்டினது. இடிக்கேக்கை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஏப்ரலிலை எனக்கு வேறை வேலை இருக்கு, அது முடிய ஓகஸ்ட் ஆகும். பக்கத்து வீட்டு மனுசன் தனக்கு ஆட்சேபம் இல்லையெண்டு எழுதித் தந்தால் சொல்லுங்கோ, அடுத்த நாள் வாறன்."

யூன் திகதி கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் அரை வருடம், ஒருவேளை ஒரு வருடம், அந்தக் கால் அந்தப் படிகளில். அடுத்த நாள் மத்தியானம் மரக்கறிப் பையோடு ஏறினேன். அன்றைக்கு முதன்முறையாகப் படிகளை முழுமையாக எண்ணினேன். நூற்றுப் பதினான்குதான். மெதுவாக ஏறினால் எண்ணலாம்.

அக்கா காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூசணிக்காயின் மீசையை மட்டும் விட்டுவிட்டேன்.

"நாவூறு படும் எண்டோ திருப்பி மாட்டினனி?"

"ஓம்."

"போன மாசம் நீ எழுதினதை வாசிச்சனான். நாவூறுக்குப் பயந்து பிள்ளைக்குக் கன்னத்திலை பொட்டு வைக்கிறவையைப் பேய்க் காய்ச்சல் காய்ச்சியிருந்தாய்."

"ஓம்."

"நல்லா எழுதியிருந்தாய்," என்றார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த மனுசனிட்டைக் கூட்டிக்கொண்டு போ. நீ கதைச்சால் அந்தாள் வழக்குப் போடும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா நூற்றுப் பதினான்கு படியும் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் வந்து சேர வேண்டும். நான் முன்னால், விழுந்தால் பிடிக்க. நான்காம் மாடியில், "நீ முன்னாலை நிண்டு என்ன செய்யப் போறாய்? இரண்டு பேரும் விழுவம்," என்றார். முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. பிறகு ரயில், பஸ்.

ரயில் சாரதி கதவைத் திறந்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "வலதா?" என்றார். தன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி ஒரு நீண்ட தழும்பைக் காட்டினார். மற்றக் காலிலும் ஒன்று. அரை மணி நேரம் அவர்கள் முழங்காலைப் பற்றியே பேசினார்கள். அக்காவின் பிரெஞ்சு அலுவலகங்களில் அதிகாலையில் கற்றது. இலக்கணம் கிடையாது, தயக்கமும் கிடையாது. நான் கோப்பி குடித்தேன். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அவர் பூசணிக்காய் எதற்கு என்று கேட்டார். நான் இருமினேன். அக்கா சொல்லிவிட்டார்: "உங்களைப் போன்றவர்கள் வீட்டைப் பார்க்காமல் இருப்பதற்கு."

அவர் யோசித்தார். "நான் அதைத் தினமும் பார்த்தேன்," என்றார்.

அக்கா, வைத்தியர் தந்த திகதியைச் சொன்னார். எத்தனையாம் மாடி என்பதையும் சொன்னார். ரயில் சாரதி எழுந்து ஜன்னலுக்குப் போய், அறை வரப்போகும் இடத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, புது அறையின் தன் பக்கச் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும், அப்போது வெளிச்சம் பட்டுத் திரும்பும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். ஒரு கடதாசியில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கடதாசியை என்னிடம் தரவில்லை. அக்காவிடம் கொடுத்தார்.

மேசன் சொன்னபடி அடுத்த நாளே வந்தார். பலகை தெருவைப் பார்த்துக்கொண்டு மே மாதம் வரை நின்றது. நான் அறிந்த வரையில் ஒருவரும் நின்று வாசிக்கவில்லை. பலகை நின்ற நாட்களில் ஐஸ் கொட்டியபோது நான் மிகவும் கவனமாக நடந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறையின் அவர் பக்கச் சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளை அடித்தோம். ரயில் சாரதி தன் குசினியிலிருந்து பார்த்து, மூலையில் ஒரு இடம் விடுபட்டிருப்பதைக் காட்டினார்.

யூனில் அக்காவுக்குக் கால் மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே புது அறைக்கு வந்தார். வாசலில் படி இல்லை, கதவு அகலம், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு ஆறு அடி. முதல் கிழமைகளில் அவருக்கு அந்த ஆறு அடியே போதுமானதாக இருந்தது. நான் வேலையால் வந்து அறை வாசலில் நின்று, ஒரு காரணமும் இல்லாமல், சுவரைத் தட்டிப் பார்ப்பேன்.

வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வருவாள். ஏழாம் கிழமை, அக்கா ஊன்றுகோல் இல்லாமல் ஹோல் வரை நடந்தார். அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்து, நல்ல தரை, நல்ல வெளிச்சம் என்றாள். நான் அடக்கமாக, அனுமதி எடுத்துக் கட்டியது என்றேன். அவள் அக்காவை எங்கள் மேல்மாடிப் படிக்குக் கூட்டிப்போய் ஒரு முறை ஏற்றி இறக்கினாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. ஆனால் குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்காக அக்கா தமிழில் சொன்னார்:

"இனி நான் படிதான் ஏறி இறங்க வேணுமாம், நாளுக்கு நூறு படியாவது. வீடு நல்ல வீடாம். படிதான் காணாதாம்."